துரையின் கொம்பில் கை வைத்தபோது

கொம்பு என்றால் குளிர்ந்து கிடக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். துரையின் கொம்பில் முதன்முதலாகக் கை வைத்த அன்று, வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். சுட்டது. காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றி மாதிரி சுட்டது.

துரை ஒரு மான். பிரேசர் டவுனில் நாங்கள் குடியிருந்த பங்களாவின் பின்பக்கம், கம்பி வேலிக்குள் வளர்ந்த ஆண் புள்ளிமான். இந்தத் தொடரில் இதுவரை மனிதர்களைப் பற்றியே வம்பளந்தாயிற்று. இந்த வாரம் மனிதர்கள் கொஞ்சம் ஒதுங்கி நிற்கட்டும்.

அன்று காலை வேலிக்குள் நாங்கள் மூன்று பேர். கையில் பன் ரொட்டியோடு நான். ரம்பத்தோடு தச்சு வேலை பாஷா. நாற்காலியில், உடைந்த காலை முக்காலிமேல் நீட்டியபடி என் வீட்டுக்காரர். வேலிக்கு வெளியே, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என் மாமியார். துரையின் கொம்பில் ஒரு துண்டை அறுத்தெடுத்து, அரைத்துப் பற்றுப் போட்டு, என் வீட்டுக்காரரின் காலை ஒட்டவைப்பது. இதுதான் திட்டம்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் ஒருவர் ஆறு மாதம் கட்டிலில் கிடந்தால் தெரியும், எதையெல்லாம் நம்பத் தோன்றும் என்று.

சரிந்த சாரம்

என் வீட்டுக்காரர் கட்டட ஓவர்சீயர். சுதந்திரம் வந்த பிறகு பெங்களூரில் பார்க்கிற பக்கமெல்லாம் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலம். தொழிற்சாலை, குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம் என்று அவருக்கு ஓய்வே கிடையாது. வீட்டில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னால்கூட சுவரைத் தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, அப்புறம்தான் அடிப்பார். அதற்குள் எனக்குக் கோபமே வந்துவிடும்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு மழைக்காலத்தில் விழுந்தார். கூரைக்குக் கான்கிரீட் போட, கீழே கட்டைகளை முட்டுக் கொடுத்துப் பலகை அடிப்பார்களே, சென்ட்ரிங், அது சரிந்தது. மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் பலகையோடு கீழே வந்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போயிற்று.

மாவுக்கட்டுப் போட்டார்கள். மழை நின்று, தீபாவளி போய், பனிக்காலம் வந்தது. கட்டைப் பிரித்து எக்ஸ்ரே எடுத்தால், இரண்டு துண்டும் ஒன்றையொன்று முகம் கொடுத்துப் பார்க்காமல் தனித்தனியாக நிற்கின்றன. டாக்டர் கன்னடக்காரர், நல்ல மனிதர். பிலிமை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"ஏன்ரீ ஓவர்சீயரே, இது சேரலை. ஆபரேஷன் பண்ணலாம். உங்க இடுப்பு எலும்புல இருந்தே கொஞ்சம் எடுத்து இங்க வைப்பேன். அது பிடிச்சுக்கும்."

"பிடிக்கலைன்னா?"

"பிடிக்கும். பயபட பேடி," என்றார் டாக்டர். பயப்பட வேண்டாமாம்.

என் வீட்டுக்காரர் பயந்தார். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னார்: "ஒரு தடவை உக்காந்துபோன ஸ்லாபுக்கு ஒட்டுப்போட்டு, நான் எங்கயும் லோடு ஏத்தினது இல்ல கோமளா. நல்லா இருக்கிற இடத்தையும் ஒடைச்சு எடுத்து, அதைக் கெட்ட இடத்துல வைப்பாராம். ரெண்டும் போச்சுன்னா?"

ஆபரேஷன் பண்ணிக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னால் அவர் முறைப்பார். வேண்டாம் என்றால் டாக்டர் முறைப்பார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இந்தக் கால் சேராவிட்டால், இவர் இனி சாரத்தில் ஏறப்போவதில்லை. சாரத்தில் ஏறாத இவரை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

தொப்பி மாட்டிய தலைகள்

இப்போது மானுக்கு வருகிறேன்.

பங்களாவின் சொந்தக்காரர் எஸ்தர் அம்மா; பின்கட்டில் நாங்கள் வாடகைக்கு. விதவை. அவருடைய கணவர் மரக் கான்டிராக்டராகக் காடு காடாகச் சுற்றியவர். தாயில்லாமல் கிடந்த ஒரு குட்டியைக் கோணியில் சுற்றி எடுத்து வந்தாராம். அதுதான் துரை. அதே மனிதர் சுட்ட மான்களின் கொம்புகள் ஹாலில் வரிசையாகச் சுவரில் இருந்தன. வருகிறவர்கள் தொப்பியையும் குடையையும் அவற்றில் மாட்டுவார்கள். பாதிரியார் வந்தால் அவருடைய தொப்பிக்கென்றே பெரிய கொம்பு ஒன்று உண்டு.

நான் பிறந்து வளர்ந்தது ஸ்ரீராம்புரத்துச் சந்தில். அங்கே எனக்குத் தெரிந்த ஒரே கொம்பு ஆட்டுக் கொம்பு. எங்கள் அப்பாவுக்குத் தலைக்கறி என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை சிவாஜிநகர் போய்த் தலை வாங்கி வந்து, தணலில் வாட்டி, கொம்பைப் பிடித்து ஒரு திருகு திருகுவார். தொப்பி கழன்ற மாதிரி கையோடு வரும். உள்ளே கூராக ஒரு எலும்பு நிற்கும். வெளியே இருப்பது நகம் மாதிரியான ஓடு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் அப்படித்தான். ஒரு தடவை முளைத்தால் சாகிறவரை அதே கொம்புதான்.

மானும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவர் விழுந்த அதே மழைக்காலத்தில் ஒருநாள் காலை எட்டிப் பார்க்கிறேன். துரையின் தலையில் ஒற்றைக் கொம்பு!

"ஐயோ எஸ்தர் அம்மா! எவனோ கொம்பை ஒடிச்சுட்டுப் போயிட்டான்!" என்று தெருவே கூடும்படி கத்தினேன்.

அவர் காபி டம்ளரோடு நிதானமாக வந்தார். "ஏம்மா இந்தக் கத்து கத்துற? வருஷா வருஷம் உயுறதுதானே. நாளைக்கோ நாளன்னைக்கோ இன்னொண்ணும் உயும் பாரு."

மறுநாளே விழுந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். முழுக்க முழுக்க எலும்பு. மேலே ஓடும் இல்லை, உள்ளே பொந்தும் இல்லை. அடியில் சொரசொரவென்று ஒரு வளையம். அதன்மேல் மணி மணியாக முடிச்சுகள். துரையின் தலையில் கொம்பு இருந்த இடத்தில் இரண்டு சிவந்த வட்டங்கள், ரத்தம் கசிந்து மினுமினுத்தன. துரை பாட்டுக்குப் புல் மேய்ந்துகொண்டிருந்தது.

ஜன்னலில் ஒரு வேடிக்கை

அந்தப் புண்ணின்மேல் பொருக்குத் தட்டியது. ஓரத்திலிருந்து தோல் வளர்ந்து அதை மூடியது. பிறகு அந்தத் தோலே மெல்ல உப்ப ஆரம்பித்தது.

இவருடைய கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தேன். பகலெல்லாம் இவருக்கு அந்த மான்தான் வேடிக்கை. முதலில் நெல்லிக்காய் அளவில் இரண்டு உருண்டை. அப்புறம் கட்டைவிரல். அப்புறம் முன்பக்கம் ஒரு கிளை பிரிந்தது. தண்டு மேலே மேலே போயிற்று. நுனியெல்லாம் மொழுக்கென்று உருண்டையாக இருக்கும். முழுக்கப் பூனைக்குட்டி ரோமம் மாதிரி மெத்தென்ற தோல் போர்த்தியிருக்கும். காலை வெயில் பின்னாலிருந்து அடித்தால் ஓரமெல்லாம் பொன்னாக மின்னும். அடேயப்பா, அந்த அழகை நான் என்னவென்று சொல்ல!

முரட்டுப் பயலான துரை அந்த நாட்களில் பரம சாதுவாகிவிட்டது. மரக்கிளைக்குக் கீழே போகும்போது தலையைச் சாய்த்துச் சாய்த்து, கொம்பு எதிலும் படாமல் நடக்கும். பன் ரொட்டிக்கு என் கையருகே வந்து நிற்கும்.

"போன வாரத்துக்கு இந்த வாரம் பார்டீ, எவ்ளோ ஏறியிருக்கு!" என்பார் இவர். அப்புறம், "அதுக்கு இல்லாத இடத்துல எலும்பு முளைக்குது. எனக்கு இருக்கிற எலும்பு ஒட்ட மாட்டேங்குது," என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அதைக் கேட்டு நான் சமையலறையில் போய் அழுதிருக்கிறேன்.

பச்சைக் கொம்பு

மாவுக்கட்டுப் பிரித்த பிறகும் காலில் வீக்கம் வடியவில்லை. சிவாஜிநகரில் ஒரு வைத்தியர் மான்கொம்பை இழைத்துப் பற்றுப் போடச் சொன்னார். நம் வீடுகளில் வழக்கமாகச் செய்வதுதானே. துரை உதிர்த்த கொம்பைக் கல்லில் தண்ணீர் விட்டு இழைத்து, சுண்ணாம்பு மாதிரி வழித்துப் போட்டோம். வீக்கம் அசையவில்லை.

அப்போதுதான் என் மாமியாருக்கு அந்த ஞானோதயம் பிறந்தது.

"கீழ உயுந்த கொம்புல இன்னாடி சத்து இருக்கும்? அது செத்தது. பறிச்ச உடனே ஆக்குற முருங்கக்கீரையும், வாடிப்போன கீரையும் ஒண்ணா? அதோ மண்டையில உசிரோட வளருது பார், அதுல ஒரு துண்டு எடுத்து அரைச்சுப் போடு. எலும்பை வளக்குற சத்து அதுலதான் கீது."

கேட்பதற்கு நியாயமாகத்தான் பட்டது. எனக்கும் பட்டது, இவருக்கும் பட்டது. எஸ்தர் அம்மா முதலில் தயங்கினார். "சரி எடுத்துக்கோங்க. எப்படியும் உயப்போறதுதானே. நகம் வெட்டுற மாதிரிதான், அதுக்கு ஒண்ணும் வலிக்காது," என்றார். அவர் அதை மனதார நம்பினார். நாங்கள் எல்லோருமே அதை நகம் என்றுதான் நினைத்தோம்.

இவர் தன்னோடு வேலை செய்த பாஷாவுக்குச் சொல்லியனுப்பினார். தன்னையும் நாற்காலியோடு வேலிக்குள் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். எந்த வேலையானாலும் தான் பக்கத்தில் இருந்து அளவு காட்ட வேண்டும். ஓவர்சீயர் புத்தி போகுமா?

நூல் கட்டிய இடம்

இப்படித்தான் அந்தக் காலையில் துரையைச் சுற்றி நின்றோம்.

நான் பன்னைக் காட்டினேன். துரை வந்து, இவருடைய நாற்காலிக்கு எதிரே தலையைக் குனிந்தது. கொம்பைப் பிடித்துக்கொள்ளலாம் என்று கை வைத்தேன். சுட்டது. கையை இழுத்துக்கொண்டேன்.

"இன்னாடி?" என்றார் இவர்.

"சூடா இருக்குதுங்க."

"வெயில்ல நின்னிருக்கும்." அவர் சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்தார். அறுக்க வேண்டிய இடத்தில் அதைச் சுற்றி முடிச்சுப் போட்டார். ரம்பம் கோணாமல் போக அடையாளமாம். கொம்பு ஆடாமல் இருக்க நூலுக்கு மேலே இடது கையால் பற்றிக்கொண்டார். பாஷா ரம்பத்தை எடுத்துக் குனிந்தான்.

"இரு," என்றார் இவர்.

பாஷா நின்றான். இவர் முகம் மாறிவிட்டது. கையை நுனிவரை மெதுவாக நகர்த்தினார். அங்கே விரலால் லேசாக அமுக்கினார். பழுத்த கொய்யா மாதிரி அமுங்கியது. திரும்பவும் கீழே வந்து, ஒரு இடத்தில் விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நாடி பார்க்கிற மாதிரி இருந்தது.

"கோமளா, இங்க விரல் வை."

வைத்தேன். மெத்தென்ற ரோமத்துக்கு அடியில் ஒரு நரம்பு துடித்தது. டக், டக் என்று. என் விரலுக்கடியில் ஒரு ஜீவன் எலும்பு கட்டிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கோவிலில் கூட எனக்கு அப்படி ஆனதில்லை. பொய் சொன்னால் என் நாக்கு அழுகட்டும்.

பாஷாவும் தொட்டுப் பார்த்தான். "யா அல்லா! சாப், இதுல கூன் ஓடுது சாப். ரத்தம். நான் மரம் அறுக்கிறவன், இதை அறுக்க மாட்டேன்."

"அறுக்க வேணாம்," என்றார் இவர். நூல் இறுகியிருந்த இடத்தில் தோல் விம்மியிருந்தது. துரையின் கழுத்துத் தோல் நடுங்கியது. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த முடிச்சை நகத்தால் பிரித்தார். பிரித்து முடித்ததும் துரை ஒரு பெருமூச்சு விட்டது. அந்த மூச்சு இவர் காலில் பட்டது.

"இன்னாடா ஆச்சு? அறுடா!" என்று வேலிக்கு அப்பாலிருந்து மாமியார்.

"யம்மா, இது நகம் இல்ல. எலும்பு. என் கால் மாதிரி எலும்பு. உள்ள ரத்தம் ஓடுது. நீ கம்முனு இரு."

அவர் வெகுநேரம் கொம்பிலிருந்து கையை எடுக்கவில்லை. துரை பன்னைத் தின்றுகொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்க்காமலேயே கேட்டார்: "இடுப்புல எடுத்து வைப்பேன்னாரே டாக்டர். அதுலயும் இதே மாதிரி ரத்தம் வந்து சேருமா?"

"போய்க் கேப்போம்," என்றேன்.

டாக்டரின் சந்தோஷம்

டாக்டரிடம் கதையைச் சொன்னதும், மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "ஜிங்கே கொம்பா!" என்று குழந்தை மாதிரி சிரித்தார். ஜிங்கே என்றால் கன்னடத்தில் மான்.

"அறுத்திருந்தா ரத்தம் பீறிட்டிருக்கும். அதுக்கும் வலிக்கும், நரம்பு இருக்கு. எலும்பு இவ்ளோ வேகமா வளர்றது அந்த ஒரு ஜாதிக்குத்தான். மேல இருக்கிற தோல்தான் ரத்தத்தைக் கொண்டுவந்து ஊட்டுது. முதல்ல இளசா, குருத்தெலும்பா வரும். அப்புறம் சுண்ணாம்பு ஏறி இறுகும். முழுக்க இறுகின பிறகு ரத்தம் நின்னு, தோல் உரிஞ்சுபோகும். நம்ம எலும்பும் அந்த மாதிரிதான் சேருது, ஆனா மெதுவா. ரத்தம் வந்தா பிடிச்சுக்கும்."

"தொட்டுப் பார்த்தேன் டாக்டர்," என்றார் இவர். "பண்ணுங்க."

ஆபரேஷன் நடந்தது. மறுபடியும் மாவுக்கட்டு, மறுபடியும் ஜன்னலோரக் கட்டில்.

மாசி மாதம் போல ஒரு காலையில் மாமியார் போட்ட கூச்சலில் காக்கையெல்லாம் பறந்தன. போய்ப் பார்த்தால் துரையின் கொம்பிலிருந்து தோல் கிழிந்து, ரத்தம் தோய்ந்த கந்தல்களாகக் கண்ணுக்கு முன்னால் தொங்குகிறது. அது சில்வர் ஓக் மரத்தில் தேய்த்துத் தேய்த்து உரிக்கிறது. உரிந்த தோலைத் தானே தின்கிறது. பார்க்கக் கோரம், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. மறுநாள் அங்கே வெள்ளை எலும்பு நின்றது. மரப்பட்டைச் சாறு பட்டுப் பட்டுப் பிறகு அது பழுப்பானது. கொம்பு நெடுகக் கோடு கோடாகப் பள்ளங்கள். அந்தத் தோலில் ஓடிய ரத்தக் குழாய்கள் போன தடம் அவை. ஹாலில் குடை மாட்டுகிற கொம்புகளிலும் அதே பள்ளங்கள் இருந்திருக்கின்றன. எஸ்தர் அம்மாவுக்கு ஒத்தாசையாக எத்தனை நாள் தூசி தட்டியிருப்பேன், கவனித்ததே இல்லை.

இறங்காத கால்

கோடையில் இவருக்குக் கட்டுப் பிரித்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்திருந்தது. டாக்டர் கை குலுக்கி, "நடங்க ஓவர்சீயரே, ஊன்றி நடங்க," என்றார்.

இவர் நடக்கவில்லை.

அக்குள் கட்டைகளை ஊன்றித் தாண்டித் தாண்டிப் போவார். அந்தக் காலை மட்டும் தரையில் வைக்க மாட்டார். கால் குச்சியாகச் சூம்பிக்கொண்டே வந்தது. கெஞ்சினேன், சண்டை போட்டேன், சோறு போடமாட்டேன் என்று மிரட்டினேன்.

"பிலிம்ல எல்லாம் நல்லாத்தான் தெரியும். அன்னிக்கு அந்த சென்ட்ரிங்கும் பார்க்க நல்லாத்தான் இருந்திச்சு. நான்தான் சரின்னு சொல்லி மேல ஏறினேன்," என்றார்.

அப்போதுதான் புரிந்தது, அவர் நம்பாதது எலும்பை அல்ல என்று. கான்டிராக்டர் ஆளனுப்பி, புது வேலை ஆரம்பிக்கிறது, வருகிறாரா இல்லை வேறு ஆளைப் பார்க்கட்டுமா என்று கேட்டார். இவர் பதிலே சொல்லவில்லை. இந்த மனிதர் இனி உட்கார்ந்தேதான் இருக்கப்போகிறார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பயம் இன்றுவரை வந்ததில்லை.

துரைக்கு அப்போது மதம். சாது வேஷமெல்லாம் போய்விட்டது. கழுத்து தடித்து, கண் சிவந்து, வீதி அதிரக் கத்தும். வேலிக்குள் யாரும் கால் வைப்பதில்லை, எட்ட நின்றே புல்லைப் போடுவோம்.

ஒருநாள் காலை பெரிய சத்தம். இவர் கட்டைகளை ஊன்றி வேலிவரை போனார். நானும் ஓடினேன். துரை பின்வாங்கிப் பின்வாங்கி, ஓடிவந்து சில்வர் ஓக் மரத்தை முட்டியது. படார்! பட்டை சிதறிற்று. கொம்பு முறிந்துவிட்டதென்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், கொம்பு அப்படியே இருக்கிறது. மறுபடி பின்வாங்கிற்று. மறுபடி படார். உச்சியில் இலைகள் ஆடின.

"இதைத்தான் அமுக்கிப் பார்த்தேன்," என்றார் இவர். "இந்த விரலாலதான். கொய்யா மாதிரி அமுங்கிச்சு கோமளா."

துரை மூன்றாம் தடவை வந்து மோதியது. எங்கள் காலடி மண் அதிர்ந்தது.

இவர் ஒரு கட்டையை எடுத்து வேலியில் சாய்த்தார். அப்புறம் இன்னொன்றையும். பிடிக்கப் போன கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். வேலிக் கம்பியைப் பிடித்தபடி அந்தச் சூம்பிய காலை மெல்ல இறக்கி, பாதத்தை மண்ணில் வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக உடம்பை அதன்மேல் சாய்த்தார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. கடைசியில் கம்பியிலிருந்து கையையும் எடுத்தார்.

"வலிக்குதாங்க?" என்றேன்.

"வலிக்குது," என்றார். கண்ணிலிருந்து நீர் கொட்டிற்று. "தாங்குதுடி."